பன்னிரு நரம்பு மின்கிற்றார்: ஒரு மதிப்பீடு

சீவக சிந்தாமணியிலே காந்தருவதத்தையார் இலம்பகத்தைக் கற்றோர், இசைப்போருக்கு வந்த சீவகன் யாழைக் கையில் வாங்கியவுடனே மீட்டத் தொடங்கினானல்லன் என்பதை அறிவர். கொணர்ந்து கொடுக்கப்பட்ட யாழ்களை நோக்கி, மரத்தின் குற்றம் இது, நரம்பின் குற்றம் இது என்று எடுத்துக் காட்டி ஒதுக்கிய பின்னரே குற்றமற்ற யாழொன்றை அவன் கைக்கொண்டான். பாட்டினை ஆராய்வதற்கு முன்னர்க் கருவியை ஆராய்தல் வேண்டும் என்னுங் கொள்கை நம் இலக்கியத்திலே அத்துணைப் பழமை வாய்ந்தது. ஆயினும் சீவகனுக்கு ஒரு வசதி இருந்தது. யாழ் அவன் கண்முன் இருந்தது. அதன் ஒலியை முன்னொருகால் இசைத்தட்டிற் கேட்டு அவன் மயங்கியிருக்கவில்லை. இக்காலத்தில் இசைக்கருவி வாங்கப் புகுவாருக்கு அவ்வசதி கிட்டுவதரிது. அவர் முதலிற் கேட்பது பதிவு செய்யப்பட்ட ஒலி. பின்பு காண்பது படம். அதன் பின்பு அறிவது விலை. கருவி கையில் வருவது எல்லாவற்றிற்கும் பின்னரேயாம்.

இவ்வுண்மை மின்கிற்றார் வகைகளுள் பன்னிரு நரம்பு கொண்டதனிடத்துப் போல வேறெதனிடத்தும் விளங்கித் தோன்றுவதில்லை. இக்கருவியைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் ஒரு பெயரிலே தொடங்கி அப்பெயரிலேயே முடிந்துவிடுகின்றது. அப்பெயர் றிக்கன்பாக்கர் என்பது. அப்பெயருக்குரிய பெருமை எத்துணைப் பங்கு கருவிக்கு உரியது, எத்துணைப் பங்கு அதனை மீட்டியோருக்கும் பதிவுக்கூடத்தாருக்கும் உரியது என்று பகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். புதிய 360/12 வகை 2,000 டொலருக்கு மேல் விலைப்படுவது. அத்துணைப் பொருளைக் கொடுக்க எண்ணும் ஓர் இளைஞனுக்கு இப்பகுப்பு வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

முதற்கண் கருவியின் இயல்பைக் கூறுவாம். உலோகத் தந்தியை நரம்பென்று இங்கே வழங்குவது மரபு பற்றியேயாம். பன்னிரண்டு நரம்புகளும் பன்னிரண்டு வெவ்வேறு சுரங்களை ஒலிப்பனவல்ல. ஆறு இணைகளாக நிற்பன. யாழிலே நரம்பொன்றுக்குச் சுரம் ஒன்று என்பது முறை. சுவாமி விபுலாநந்தர் 1947ஆம் ஆண்டில் வெளிவந்த யாழ்நூலிலே செய்த கணக்கெல்லாம் அவ்வடிப்படையிலே எழுந்தவை. இங்கோ சுரம் ஒன்றுக்கு நரம்பு இரண்டு. மெல்லிய ஈ, பீ என்னும் ஈரிணைகளில் இரு நரம்பும் ஒரே சுரத்தில் நிற்கும். ஏனைய நான்கு இணைகளிலும் ஒன்று தடித்தது. மற்றையது மெல்லியதாய் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே நிற்பது. ஆகவே கீழ்ச்சுரமொன்றை மீட்டும்போதெல்லாம் அதன் மேற்ஸ்தாயிச் சுரமும் தானே உடனெழுகின்றது.

இணையின் இரு நரம்புகளும் எத்துணைத் திருத்தமாகச் சுருதி கூட்டப்படினும் முற்றும் ஒன்றாதல் இல்லை. ஒன்று வினாடிக்கு 330 மீடிறனும் மற்றையது 331 மீடிறனும் உடையதாயின் வினாடிக்கு ஓர் அடிப்பு உண்டாகும் என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். இவ்வடிப்பே அக்கருவியின் ஒலியிலே காணப்படும் அலையசைவுக்குக் காரணம். எனவே பிற கருவிகளிற் குற்றமாக எண்ணப்படும் சிறு சுருதிப் பிழை, இங்கே அளவோடு நிற்குமாயின் அழகாகின்றது. அளவு கடந்தால் அதுவே செவிக்குக் கொடுமையாகின்றது. அவ்வளவினைக் காத்தற்கு ஏற்ற உறுதி கருவிக்கு உண்டா என்பதே வாங்குவோர் கேட்கவேண்டிய முதற்கேள்வி. ஆறு நரம்புக் கிற்றாரில் நரம்புகள் தண்டியை இழுக்கும் மொத்த இழுவை ஏறக்குறைய 100 இறாத்தல். பன்னிரு நரம்பிலே அஃது ஏறக்குறைய இருமடங்கு. வளைந்து போன தண்டியைக் கொண்ட கருவி எவர் பெயரைத் தாங்கியிருப்பினும் விறகேயாம்.

இக்கருவியின் வரலாற்றைப் பலரும் 1964இலே தொடங்குவர். அது பொருந்தாது. மின் இணைப்பில்லாத பன்னிரு நரம்புக் கிற்றாரை அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஹடி லெட்பெற்றர், லெட் பெலி என்னும் பெயராற் புகழ்பெற்றவர், ஸ்ரெல்லா என்னும் மலிவான கருவியிலே முழங்கச் செய்து 1949இல் மறைந்தார். பிளைண்ட் வில்லி மக்டெல் என்பாரும் அதனையே கையாண்டார். மின்வகையிலும் 1954இல் ஸ்ரற்றோஸ்பியர் என்னும் நிறுவனம் ஆறு நரம்புத் தண்டியொன்றும் பன்னிரு நரம்புத் தண்டியொன்றும் கொண்ட இரட்டைக் கிற்றாரை விற்பனைக்கு விட்டது. ஜிம்மி பிறையன்ற் அதனை மீட்டி இசைத்தட்டும் வெளியிட்டார். கிப்சன் நிறுவனத்தின் இரட்டைத் தண்டிக் கிற்றார் 1958இல் வந்தது. டான்எலெக்றோவின் பெல்சூக்கி 1961இல் வந்தது. இவற்றுள் எதுவும் உலகத்தின் செவியைத் திருப்பவில்லை. கருவி இருந்தது; அதற்குரிய பாட்டு இன்னும் பிறக்கவில்லை என்றே கூறவேண்டும்.

1964ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே பீற்றில்ஸ் குழுவினர் முதன்முறை அமெரிக்கா சென்றபோது றிக்கன்பாக்கர் நிறுவனத்தின் தலைவர் பிரான்சிஸ் ஹோல், அந்நிறுவனம் முதன்முதல் அமைத்த பன்னிரு நரம்புக் கருவிகளுள் ஒன்றை நியூயோர்க் நகரிலே அவர்களுக்குக் காட்டினார். தொண்டை நோயாற் படுத்திருந்த ஜோர்ஜ் ஹரிசனுக்கு அது சென்று சேர்ந்தது. அவ்வாண்டிலேயே வெளிவந்த ‘எ ஹாட் டேய்ஸ் நைற்’ என்னும் திரைப்படத்திலும் இசைத்தட்டிலும் அதன் ஒலி கேட்டது. அப்படத்தைக் கண்ட மக்குவின் என்னும் இளைஞர் அதே வகையை வாங்கினார். பேர்ட்ஸ் என்னுந் தம் குழுவிலே பொப் டிலனின் ‘மிஸ்ரர் தம்பூரின் மான்’ என்னும் பாட்டை 1965இலே அக்கருவியின் முன்னிசையோடு வெளியிட்டார். இவ்விரு நிகழ்ச்சிகளாலும் பன்னிரு நரம்பு மின்கிற்றார் என்பதும் றிக்கன்பாக்கர் என்பதும் ஒருபொருட் சொற்களாயின.

இங்கேதான் நாம் நின்று நிதானித்து நோக்குதல் வேண்டும். ‘எ ஹாட் டேய்ஸ் நைற்’ பாட்டின் தொடக்கத்திலே எழும் புகழ்பெற்ற சுரக்கூட்டு ஹரிசனின் பன்னிரு நரம்பினால் மாத்திரம் ஆயதன்று. வேறு கிற்றாரும், பேஸ் கிற்றாரும், தயாரிப்பாளர் ஜோர்ஜ் மாட்டின் வாசித்த பியானோவும் அதிலே கலந்துள்ளன என்பதை ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். அப்பாட்டின் இடையில் வரும் விரைந்த தனியிசையோ, நாடாவைப் பாதி வேகத்திலே ஓடவிட்டு, கிற்றாரும் பியானோவும் ஒன்றாக வாசிக்கப் பதிவு செய்யப்பட்டது என்று ஒலிப்பதிவுப் பொறியியலாளர் ஜெஃப் எமெரிக் எழுதியுள்ளார். பாதி வேகத்திற் பதிந்ததை முழு வேகத்தில் ஒலிக்கச் செய்யின் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். ஒலியின் நிறமும் மாறும். எனவே கடையிலே சென்று அதே வகைக் கிற்றாரை எடுத்து அதே சுரங்களை மீட்டி, ‘இதில் ஏதோ குறைகின்றதே’ என்று ஏங்குபவன் கருவியிற் குறைகாண்பது நேரிதன்று. குறைவது ஒரு பியானோ.

மக்குவின் செய்ததும் இதனோடொத்ததே. அவரது கிற்றாரின் ஒலி நீண்டு ஒழுகி, தொடக்கத்திலும் முடிவிலும் ஏறக்குறைய ஒரே வலிமையோடு நிற்கின்றது. நரம்பின் இயல்பு அதுவன்று. மீட்டியவுடன் உரத்து எழுந்து விரைவிலே தேய்வது நரம்பொலி. அவ்வாறு தேயாது நிறுத்தியது கம்பிரெசர் என்னும் மின்னமைப்பு; வலிய ஒலியைத் தாழ்த்தி மெலிந்ததை உயர்த்துவது அதன் தொழில். அதனைப் பதிவுக்கூடத்திலே மிகுதியாகப் பயன்படுத்தியதை மக்குவினே பன்முறை எடுத்துக் கூறியுள்ளார். 1988இல் றிக்கன்பாக்கர் நிறுவனம் அவர் பெயரால் 370/12 வகையிற் சிறப்புப் பதிப்பொன்றை வெளியிட்டபோது கம்பிரெசரைக் கிற்றாரின் உள்ளேயே பொருத்திக் கொடுத்தது. மரமும் நரம்பும் தாமே அவ்வொலியைத் தாரா என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அவரது கையையும் மறத்தலாகாது. அவர் நாட்டுப்பாடல் இசையிலே பயின்று, பாஞ்சோ வாசித்துப் பழகியவர். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலே பிளெக்றம் பிடித்து, அடுத்த இருவிரல்களிலும் உலோக நகங்களை அணிந்து, சுரங்களை உருட்டி உருட்டி மீட்டுவது அவர் முறை. பிளெக்றம் மேலிருந்து கீழே செல்லும். விரல்கள் கீழிருந்து மேலே வரும். நரம்புகளின் ஒழுங்கு இவ்விடத்தில் முதன்மை பெறுகின்றது. அதனை இனிக் காண்போம்.

மற்றைப் பன்னிரு நரம்புக் கிற்றார்களில் இணையின் மெல்லிய மேற்ஸ்தாயி நரம்பு முதலிலும் தடித்த நரம்பு அடுத்தும் நிற்கும். கீழ்நோக்கி மீட்டும்போது பிளெக்றம் முதலிலே மெல்லியதைத் தாக்குகின்றது. மணியோசை போன்ற மேலொலி முந்துகின்றது. றிக்கன்பாக்கர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியது. அதிலே தடித்த நரம்பு முதலில் நிற்பதாற் கீழ்நோக்கிய மீட்டில் அடிச்சுரம் முந்தி எழுகின்றது; மேற்ஸ்தாயி அதன் மேல் ஒளிபோற் படிகின்றது. மேல்நோக்கிய மீட்டிலோ மெல்லியதே முந்துகின்றது. மக்குவினின் உருட்டு மீட்டிலே பிளெக்றத்துக்கு ஒரு நிறமும் விரலுக்கு வேறொரு நிறமும் கிட்டுவது இதனாலாம். றிக்கன்பாக்கருக்கே உரிய சிறப்பு யாதென்று வினவின் யான் இதனையே முதலிற் கூறுவேன். உடலின் வடிவமும், உடலிற் கீறிய கண்ணும், வால்புறத்து ஆங்கில எழுத்து வடிவான உலோகத் துண்டும் பெரிதும் கண்ணுக்கு விருந்து. வேடிக்கை என்னவெனின், இச்சிறப்பு விலை கொடுத்து வாங்கவேண்டியதன்று. தேர்ந்த தொழிலாளர் ஒருவர் மேருவை மாற்றி வெட்டிக் கொடுப்பின் எந்தப் பன்னிரு நரம்புக் கிற்றாரிலும் இவ்வொழுங்கை அமைத்துக் கொள்ளலாம். பல்லாண்டு றிக்கன்பாக்கர் ஒலியைத் தேடி அலைவோர் இச்சிறு செயலை முயன்று பாராதிருப்பது வியப்பே.

இரண்டாவது சிறப்பு அதன் தலை. பன்னிரண்டு பிருடைகளை ஒரே வரிசையிற் பொருத்தினால் தலை நீளும். நீண்ட தலை தண்டியைக் கீழே இழுக்கும். றிக்கன்பாக்கரார் ஆறு பிருடைகளை வழக்கம் போலப் பக்கவாட்டிலும், மற்றை ஆறினைத் தலையில் வெட்டிய பள்ளங்களுள் பின்னோக்கியும் அமைத்தனர். அதனாற் பன்னிரு நரம்புக் கருவியின் தலை ஆறு நரம்புக் கருவியின் தலையளவே ஆயிற்று. இது பாராட்டுதற்குரிய தச்சறிவு. நரம்பு மாற்றும் நாளிலே அதே அறிவு பொறுமையைச் சோதிக்கும் என்பதையும் ஒளித்தல் கூடாது.

இனிக் குற்றம். மேருவின் அகலம் 1⅝ அங்குலம், ஏறக்குறைய 41 மில்லிமீற்றர். இவ்வளவு ஆறு நரம்புக் கிற்றாருக்கே குறுகியது. இருபுறமும் சிறிது விட்டு எஞ்சியதை ஆறிணைகளுக்குப் பங்கிட்டால் ஓரிணைக்கும் அடுத்த இணைக்கும் இடையிலே ஏறக்குறைய 7 மில்லிமீற்றரே கிடைக்கும்; அதற்குள்ளேதான் இணையின் இரு நரம்புகளும் நிற்றல் வேண்டும். பருத்த விரலுடையார் சுரக்கூட்டுப் பிடிக்கும்போது அயல் நரம்பைத் தொட்டு அதன் ஒலியை அடைத்து விடுவர். குறுகிய தண்டியே விரைவுக்கு உதவும் என்று இதற்கு வக்காலத்துப் பேசுவாரும் உளர். ஹரிசனுக்கும் மக்குவினுக்கும் அஃது உதவியிருக்கலாம். ஆயினும் நிறுவனமே 1991இல் ரொம் பெற்றியின் பெயரால் 660/12 வகையை வெளியிட்டபோது அகலத்தை 1¾ அங்குலமாக்கியது. குறுமை குணமாயின் விரிப்பானேன்?

மற்றொரு குற்றம் குதிரையிலே இருந்தது. ஒரே இணையில் தடித்த நரம்புக்கும் மெல்லிய நரம்புக்கும் வேண்டிய நீளம் வேறு வேறு. மெட்டின்மேல் அழுத்தும்போது நரம்பு சிறிது இறுகிச் சுருதி ஏறும். தடித்தது மிகுதியாக ஏறும். அதனை ஈடுசெய்யத் தடித்த நரம்பின் தாங்கியைப் பின்னே தள்ளுதல் வேண்டும். பழைய றிக்கன்பாக்கரிலே பன்னிரு நரம்புக்கும் ஆறு தாங்கிகளே இருந்தன. ஓரிணைக்கு ஒரே தாங்கி ஆதலின் இரண்டில் எதனையும் முற்றத் திருத்தல் இயலாது. தண்டியின் தலைப்புறத்து மெட்டுகளிலே வாசிப்போருக்கு இது தோன்றாது. மேலே ஏற ஏறச் சுருதி பிளவுபடும். பின்னர்ப் பன்னிரு தாங்கி கொண்ட குதிரை வந்து இக்குற்றத்தை நீக்கியது. பழைய கருவி வாங்குவார் எக்குதிரை அதில் உள்ளது என்பதைக் கேட்டறிதல் நன்று.

இவ்விடத்தே ஃபென்டர் நிறுவனத்தின் ‘எலெக்ற்றிக் 12’ என்னுங் கருவியை ஒப்பு நோக்குதல் தகும். லியோ ஃபென்டர் அமைத்த இது 1965இல் வெளிவந்தது. அப்பத்தாண்டு முடியும் அளவிலே உற்பத்தி நின்றது. ஹொக்கி மட்டையை ஒத்த நீண்ட தலை பார்வைக்கு இனிதன்று என்பர்; யானும் மறுக்கேன். ஆயின் கருவி நுட்பத்திலே அது தன் போட்டியாளரை வென்றது. பன்னிரு நரம்புக்கும் பன்னிரு தாங்கிகளைத் தொடக்கத்திலேயே கொண்டிருந்தது. நரம்புகள் உடலினூடே சென்று பின்புறத்திலே பிணிக்கப்பட்டன. பிக்கப் எனப்படும் காந்தச்சுருளையும் இருகூறாகப் பிரித்து, தடித்த நரம்புகளுக்கு ஒன்றும் மெல்லியவற்றுக்கு ஒன்றுமாக வைத்தனர். இவ்வளவும் இருந்தும் அது விலைபோகாதது ஏன்? அதற்கொரு ஹரிசன் வாய்க்கவில்லை. மோகம் தணிந்து கொண்டிருந்த காலத்திலே அது சந்தைக்கு வந்தது. எனினும் 1971இல் வெளிவந்த லெட் செப்பலின் குழுவின் ‘ஸ்ரெயார்வே ற்று ஹெவன்’ பதிவிலே ஜிம்மி பேஜ் மீட்டிய பன்னிரு நரம்பு இதுவே. மேடையில் அவர் தோளிலே தொங்கிய கிப்சன் இரட்டைத் தண்டிக் கிற்றாரின் படத்தைக் கண்டோர், தட்டில் ஒலிப்பதும் அதுவென்றே எண்ணி மயங்குவர். படம் ஒன்று, ஒலி வேறொன்று. இரட்டைத் தண்டிக் கருவி ஒரே பாட்டிலே ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு மாறவேண்டிய மேடைக் கலைஞருக்கு உரியது. அதன் பாரத்தைத் தோளிற் சுமந்து வீட்டிலே பயிலுவதற்கு நியாயமில்லை.

பிரித்தானிய வொக்ஸ் நிறுவனத்தின் பாண்டம் முதலியவற்றை வடிவத்தின் புதுமைக்காகச் சேகரிப்போர் விரும்புவர். டான்எலெக்றோ, கிரெட்ச் முதலிய பெயர்களிலே சில நூறு டொலருக்குக் கிடைக்கும் பிற்காலக் கருவிகளும் உள. மலிவு என்பதனால் இவற்றை இகழ்தல் கூடாது. லெட் பெலியின் ஸ்ரெல்லாவும் மலிவானதே. இவற்றிலே பெயர் அன்று, ஒவ்வொரு கருவியும் தனித்தனியே ஆராயப்படுதல் வேண்டும். ஒரே பட்டறையிலிருந்து வந்த இரண்டு ஒருபடித்தாய் இருப்பதில்லை.

ஆராயும் முறையைச் சுருக்கமாகக் கூறலாம். கருவியை ஒலிபெருக்கியோடு இணைக்குமுன் வெறுமனே மீட்டுக. ஒலிபெருக்கி பல குற்றங்களை மறைக்கும். தண்டியை விளிம்பின் வழியே ஒற்றைக் கண்ணால் நோக்கி வளைவு உண்டா என்று காண்க. பன்னிரண்டாம் மெட்டின்மேல் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் மேற்றொனியையும், அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் பன்னிரு நரம்பிலும் தனித்தனியே ஒப்பிடுக. இணையாக மீட்டி ஒப்பிடின் ஒன்றின் பிழையை மற்றையது மறைக்கும். முதல் மெட்டருகே எஃப் மேஜர் சுரக்கூட்டைப் பிடித்து ஒவ்வோரிணையாக மீட்டுக. எல்லா இணைகளும் தெளிவாக ஒலிப்பின் தண்டி உங்கள் கைக்கு ஏற்றது. ஒலியாவிடின் எத்துணைப் புகழ்பெற்ற தண்டியாயினும் உங்களுக்கு ஏற்றதன்று. தோளில் மாட்டிக் கையை எடுத்துவிடுக. தலை நிலத்தை நோக்கிச் சாயுமாயின் இடக்கை வாசிப்பதோடு சுமப்பதும் செய்யவேண்டி வரும். கடைசியாகச் சுருதி கூட்டிவிட்டு அரைமணி நேரம் வாசித்து மீண்டும் பார்க்க. கடைக்காரர் முகஞ் சுளித்தாலும் இதனை விடலாகாது.

இவற்றுக்கெல்லாம் முன்னே கேட்கவேண்டிய கேள்வியொன்று உண்டு. அதனை விற்போர் கேட்கமாட்டார். வாங்குவோரும் கேட்க அஞ்சுவர். இக்கருவி வேண்டுமா என்பதே அது. சேர்ச்சர்ஸ் என்னும் லிவர்பூல் குழுவினர் ‘நீடில்ஸ் அன்ட் பின்ஸ்’ என்னும் பாட்டை 1964 ஜனவரியிலே வெளியிட்டனர். பன்னிரு நரம்பின் ஒலியென்று பலரும் கொண்ட அவ்வொலி, ஆறு நரம்புக் கிற்றார் இரண்டினை ஒன்றாக மீட்டிப் பெற்றது. ஹரிசன் தம் கருவியைக் கையில் வாங்குமுன்னரே அவ்வொலியின் நிழல் உலகில் உலவியது. அமெரிக்கப் பதிவுக்கூடங்களிலே நாஷ்வில் முறை என்று ஒன்று வழங்குகின்றது. பன்னிரு நரம்புத் தொகுதியிலுள்ள மெல்லிய நரம்புகளை மாத்திரம் எடுத்து ஓர் ஆறு நரம்புக் கிற்றாரிலே பூட்டி, கீழ் நான்கு சுரங்களையும் ஒரு ஸ்தாயி உயர்த்தி வைத்து, வழக்கமான கிற்றாரோடு சேர்த்து வாசிப்பர். இரு நண்பர் இரு கிற்றாருடன் இதனைச் செய்யின் வீட்டிலேயே பன்னிரு நரம்பின் ஒலி கேட்கும். செலவு ஒரு தொகுதி நரம்பின் விலையே. கோரஸ் என்னும் மின்மிதி அலையசைவைத் தரும், மேற்ஸ்தாயியைத் தராது. மேற்ஸ்தாயியைத் தரும் மிதிகளும், பன்னிரு நரம்பின் ஒலியைக் கணித்து உண்டாக்கும் கிற்றார்களும் உள. ஒரு பாட்டிலே ஓரிடத்தில் அவ்வொலி வேண்டுவோருக்கு அவை போதும். ஆனால் இணை நரம்புகள் விரலின்கீழ்ப் புரளும் உணர்வினையும், பிளெக்றத்தின் கோணத்தைச் சிறிது மாற்றி ஓரிணையில் எந்நரம்பு முந்தவேண்டும் என்று கையே தீர்மானிப்பதனையும் அவை தருவதில்லை. அவ்வுணர்வினைத் தேடுபவனே கருவியை வாங்கத் தக்கவன்.

1966ஆம் ஆண்டிலே ஹரிசன் பண்டிதர் ரவிசங்கரிடம் சிதார் கற்கத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே மக்குவின் ரவிசங்கரின் இசையும் ஜோன் கோல்ற்றேனின் இசையும் தம்மைத் தூண்ட, ‘எயிற் மைல்ஸ் ஹை’ என்னும் பாட்டிலே பன்னிரு நரம்பை வேறொரு வழியிற் செலுத்தினார். அதிலே மணியோசை போன்ற இனிமை இல்லை. சுரங்கள் ஒன்றையொன்று துரத்தி முட்டிக் கரடுமுரடாக ஓடுகின்றன. அதே கருவி, அதே கை. ஒலியோ முற்றும் வேறு. இக்கருவியை மெல்லிய காதற்பாட்டுக்கு மாத்திரம் உரியதாகக் கருதி வாங்குவோர் இப்பாட்டைக் கேட்டபின் மறுமுறை எண்ணுவாராக. கருவி எதற்கு உரியது என்பதைக் கருவி தீர்ப்பதில்லை.

என் தீர்ப்பை ஒளியாது கூறின்: தண்டியின் தலைப்புறத்திலேயே நின்று சுரங்களை உருட்டி மீட்டுவதே விருப்பமும், மெல்லிய விரலும் உடையாருக்கு றிக்கன்பாக்கர் இணையற்றது, அவர் பன்னிரு தாங்கிக் குதிரையுள்ளதைத் தேடுவாராக. தண்டி முழுவதும் ஏறியிறங்கி வாசிப்போருக்கு ஃபென்டர் வழியில் அமைந்த கருவியே ஏற்றது. மலிவான கருவியொன்றை வாங்கி, மேருவையும் குதிரையையும் நல்ல தொழிலாளரிடம் திருத்தி, எஞ்சிய பணத்திலே நல்ல கம்பிரெசர் ஒன்றை வாங்குபவன் அவ்விருவரிலும் அறிவாளி என்று கருதுகின்றேன். ஒரே கிற்றார் வாங்கப் பொருள் உடையவன் ஆறு நரம்புடையதையே வாங்குக.

எதனை வாங்கினும் ஜீ இணையின் மெல்லிய நரம்பில் ஐந்தாறு மிகையாக வாங்கி வைத்துக்கொள்ளல் வேண்டும். தடித்த ஜீ நரம்பு 196 மீடிறனில் நிற்க, அதன் இணை 392 மீடிறனில் நிற்கின்றது. கிற்றாரின் மிக மெல்லிய ஈ நரம்பின் 330 மீடிறனிலும் இஃது உயர்ந்தது. பன்னிரண்டிலும் மிக உயர்ந்து ஒலிப்பதும், 0.008 அல்லது 0.009 அங்குலத் தடிப்பே உடையதும், முதலில் அறுவதும் அதுவே. நம் கடற்காற்றிலே அது விரைவில் துருவும் ஏறும். சுருதி கூட்டும்போது அந்நரம்பைக் கடைசியாக, முகத்தைச் சற்று விலக்கிக்கொண்டு, கீழிருந்து மெல்ல மெல்ல ஏற்றுவது நன்று.